ஸ்டாப் வேற, ஹோல்ட் வேற

ரிட்டயர்டு ஆள் என்றால் நரைத்த மீசை, பென்ஷன், காலையில் வாக்கிங் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் என்னைப் பார்த்தால் ஏமாந்துதான் போவார்கள். எனக்கு இன்னும் பெண்ணே அமையவில்லை. ஆனால் அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் எனக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரமும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். காரணம், என் இடது காது.

சுரங்கத்தில் மிஷின் சத்தம் காதைத் தின்றுவிடும், அதனால் எல்லோருக்கும் அவ்வப்போது காது டெஸ்ட் எடுப்பார்கள். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, பீப் என்று சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வார்கள். எனக்கு இடது பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. நானும் விடாமல் சும்மா சும்மா கையைத் தூக்கினேன். டாக்டர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “தம்பி, மிஷினை இன்னும் ஆன் பண்ணவே இல்லப்பா” என்றார்.

என்னை மாதிரி மிஷினுக்குச் சிக்னல் காட்டுகிறவனுக்கு ஒரு காது போனால் வேலை போன மாதிரிதான். அதனால் இப்போது குரும்பலூரில் மச்சானுடைய சின்ன வெங்காய மண்டியில் இருக்கிறேன். இங்கே சத்தம் போடுவது மச்சான் மட்டும்தான். அவர் பேசும்போது இடது பக்கத்தைக் காட்டிக்கொள்வேன்.

போன வாரம் மண்டிக்கு இரண்டு பேர் வந்தார்கள். சுரங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், ஹெல்மெட் தழும்பு இன்னும் நெற்றியில் விழாத முகங்கள்.

“வேலு அண்ணன் நீங்கதானே?”

“பொண்ணு வீட்டுலேர்ந்து வந்திருந்தா நான்தான். வெங்காயம் அழுகிப்போச்சுன்னு வந்திருந்தா நான் இல்ல.”

“சொரங்கத்துலேர்ந்து வரோம்ணே. சேஃப்டி மேடம் தெனம் ஸ்டாப்புக்கும் ஹோல்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டு உசுர எடுக்குறாங்க. நாங்களும் மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சுட்டோம். அதுக்கு, ‘வாய் சொல்லுது, கைக்குத் தெரியல’ங்கிறாங்க. குரும்பலூர்ல வேலுன்னு ஒருத்தன் இருக்கான், அவன போய்க் கேளுன்னு அனுப்பிட்டாங்க.”

இரண்டு பேரையும் மூட்டைமேல் உட்காரவைத்துச் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவர்கள் வாங்கி வந்த டீயில் ஆடை கட்டியிருந்தது. அன்றைக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். பள்ளிக்கூடமும் என்னை விட்டதில் நிம்மதியாகத்தான் இருந்தது. லாரியில் கிளீனர், கல்யாண மண்டபத்தில் சீரியல் லைட் கட்டுவது என்று கொஞ்ச நாள் சுற்றிவிட்டு, தெரிந்தவர் ஒருவர் சொல்லிச் சுரங்கத்தில் சேர்ந்தேன். முதல் நாள் மேலே நின்று குழியை எட்டிப் பார்த்ததும் வாயில் இருந்த கிண்டலெல்லாம் வற்றிப்போனது. ஒரு ஊரையே தூக்கி உள்ளே வைத்து மூடிவிடலாம். ராட்சசன் இறங்கிப் போகக் கட்டிய மாதிரி படிப்படியாக வெட்டியிருப்பார்கள்; ஒவ்வொரு படியையும் பெஞ்ச் என்போம். அடியில் ஓடுகிற டம்பர் லாரி, மேலிருந்து பார்த்தால் தீப்பெட்டி. அந்தப் பாறையில் நத்தை மாதிரி சுருண்ட கல்லெல்லாம் கிடைக்கும். இதெல்லாம் ஒரு காலத்தில் கடலாம். கடல் இருந்த இடத்தில் நின்று தண்ணி பாட்டிலைத் தேடிக்கொண்டிருக்கிறோமே என்று நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும்.

என் வேலை, பொக்லைன் ஆபரேட்டருக்குக் கண்ணாக இருப்பது. பொக்லைன் என்றால் நீளமான இரும்புக் கையும் முனையில் பல் வைத்த பக்கெட்டும் உள்ள மிஷின். ஆபரேட்டருக்குத் தன் பக்கெட்டுக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. நான் அவர் பார்வையில் படுகிற மாதிரி நின்று கையால் காட்டுவேன். இன்ஜின் சத்தத்தில் வாயால் சொல்லிப் பிரயோசனமில்லை.

எங்கள் ஆபரேட்டர் கலியமூர்த்தி அண்ணன், கீழப்பழுவூர்க்காரர். பக்கெட் பல்லால் தரையில் கிடக்கிற தீக்குச்சியை நகர்த்தச் சொன்னாலும் நகர்த்துவார். அவருக்கு ஒரே ஒரு வெறி, டீசல். ஒரு சொட்டு வீணாகக்கூடாது. யாராவது “ஸ்டாப்” என்று சொன்ன அடுத்த நொடி சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிடுவார். எதிரில் லாரி வந்தாலும் அணைப்பார், பீடி பற்றவைத்தாலும் அணைப்பார். அவரைப் பார்த்துக் குழியில் இருந்த மற்ற ஆபரேட்டர்களுக்கும் அதே பழக்கம். எங்கள் குழியில் ஸ்டாப் என்றால் சாவி. அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் சேஃப்டி ஆபீசராக ஷமீமா மேடம் வந்து சேர்ந்தார். லப்பைக்குடிகாடு. அத்தா துபாயில். மேடத்துக்கு என்னைவிட வயது ஒன்றோ இரண்டோ குறைவாகத்தான் இருக்கும். முக்காட்டுக்கு மேலே ஹெல்மெட், ஒரு சுற்று பெரிய பூட்ஸ். முதல் நாள் பார்த்துவிட்டு, “வெடி வெச்சா மேடமும் சேர்ந்து பறந்துடும்டா” என்று டம்பர் ஓட்டுகிற செந்திலிடம் சொன்னேன். செந்தில் மீன்சுருட்டிக்காரன், என் கூட்டாளி. நான் ஒன்று சொன்னால் அவன் இரண்டு சொல்வான்.

மேடத்துக்குச் சத்தம் போட்டே பேசத் தெரியாது. வாக்கிடாக்கி பட்டனை அமுக்கியதும் பேசமாட்டார். ஒரு மூச்சு விட்டு, அப்புறம்தான் வார்த்தை வரும். கேட்டவர் அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்லவேண்டும். “சரிங்க மேடம்” என்றால் ஒத்துக்கொள்ளமாட்டார். “சரிங்கிறது பதில் இல்ல. நான் என்ன சொன்னேன்?” என்பார். ஆபத்து கூடக்கூட அவர் குரல் இறங்கும். அது எங்களுக்கு வினோதமாக இருந்தது. எங்கள் ஊரில் ஆடு வேலியைத் தாண்டினால்கூட ஊரே கத்தும்.

தினமும் காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னால் ஷெட்டில் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசுவார். அதில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒரே மாதிரி இருக்கிற இரண்டு இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்லி, “ரெண்டும் ஒண்ணா, வேறயா?” என்று கேட்பார். சுரங்கத்தில் போர்டு, மிஷின், வாக்கிடாக்கி எல்லாமே இங்கிலீஷ். எங்களுக்கோ எல்லாம் ஒன்றுதான்.

ஒருநாள் ஹஸார்டு, ரிஸ்க்.

“பெஞ்ச் ஓரம் இருக்குல்ல, அது ஹஸார்டு. யாரும் போகலன்னாலும் அது அங்கதான் இருக்கும். அதுல போயி நின்னு செல்ஃபி எடுத்தா, அது ரிஸ்க்” என்றார் மேடம்.

நான் கையைத் தூக்கினேன். “மேடம், அப்ப செந்தில் சம்சாரம் ஹஸார்டு. இவன் குடிச்சுட்டு வூட்டுக்குப் போனா ரிஸ்க்.”

“டேய், உனக்குக் கல்யாணம் ஆவட்டும், வந்து வெச்சுக்கிறேன்” என்றான் செந்தில்.

ஷெட்டே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. “வேலு சொன்னது ரொம்பச் சரி. இப்ப சொல்லு, ரிஸ்க்கைக் குறைக்க என்ன வழி?”

“குடிக்காம போவணும் மேடம்.”

“சம்சாரத்த மாத்தணும்னு சொல்லல பாரு. அதான் பாடம். எல்லாரும் கெளம்புங்க.”

நான் கிண்டலுக்குச் சொன்னது பாடமாகிவிட்டது. அன்றிலிருந்து எனக்கு ஒரு பயம் கலந்த மரியாதை. எதை வீசினாலும் பிடித்து அதையே செங்கல்லாக வைத்துச் சுவர் கட்டுகிற ஆளிடம் என்ன செய்வது?

இன்னொரு நாள் டேஞ்சர், வார்னிங், காஷன். மூன்று நிறத்தில் மூன்று போர்டு. எங்களுக்கு எல்லாமே ‘எச்சரிக்கை’. மேடம் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். சிவப்பு டேஞ்சர், மீறினால் சாவு வந்தே தீரும். ஆரஞ்சு வார்னிங், சாவு வரலாம். மஞ்சள் காஷன், அடிபடும், ஆனால் வீட்டுக்குப் போய்விடலாம். “போர்டு எழுதினவன் நீ எந்த அளவுக்கு அடிபடுவேன்னு முன்னாடியே யோசிச்சு எழுதியிருக்கான். படிக்கிறவனும் யோசிக்கணும்ல?” என்றார். நான் அன்று திரும்பிப் போகும்போது தினமும் தாண்டிப் போகிற ஒரு போர்டின் முன்னால் நின்றேன். சிவப்பு. அத்தனை நாளும் அதன்மேல் சாய்ந்துகொண்டுதான் பீடி குடித்திருக்கிறோம்.

அப்புறம் வந்தது வெயிட், ஸ்டாப், ஹோல்ட். இதற்குத்தான் பெரிய ரகளை.

“வெயிட்டுன்னா இன்னும் ஆரம்பிக்காத. ஸ்டாப்புன்னா செய்றத அத்தோட விட்டுடு. ஹோல்டுன்னா இருக்கிறபடியே இரு, விட்டுடாத” என்றார் மேடம்.

கலியமூர்த்தி அண்ணன் எழுந்தார். “ஏம்மா, நிறுத்துன்னா நிறுத்த வேண்டியதுதானே. அதுல என்ன மூணு தினுசு? இட்லியா, தோசையா?”

“அண்ணே, ஸ்டாப்புன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?”

“சாவியத் திருப்புவேன்.”

“பக்கெட் மேல இருந்தா?”

“மெல்ல எறங்கும். பழைய மிஷினு, இன்ஜின் ஓடுனாத்தான் தாங்கும். எறங்குனா எறங்கட்டுமே, கீழ மண்ணுதானே இருக்கு.”

“மண்ணு இல்லாம ஆளு இருந்தா?”

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். “அப்ப அணைக்கமாட்டேன்.”

“அத யோசிக்க அப்ப நேரம் இருக்காதுண்ணே. ஸ்டாப்புன்னு காதுல விழுந்தா உங்க கை தானா சாவிக்குப் போவுது. அந்தக் கைய நான் மாத்த முடியாது. வார்த்தைய மாத்தலாம்ல? அந்த மாதிரி நேரத்துக்குன்னு ஒரு தனி வார்த்தை வெச்சுக்குவோம். ஹோல்ட். இன்ஜின் ஓடணும், கை லீவர்ல இருக்கணும், கண்ணு வேலு மேல இருக்கணும். வேலு கைய விடுறவரைக்கும் நீங்களும் விடக்கூடாது.”

அதற்குச் சிக்னலும் சொல்லிக்கொடுத்தார். ஸ்டாப் என்றால் கையை நீட்டிப் பக்கவாட்டில் ஆட்டவேண்டும். ஹோல்ட் என்றால் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் கோர்த்துக்கொண்டு அசையாமல் நிற்கவேண்டும். அதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. ஆனால் மேடம் விடவில்லை. தினமும் வேலைக்கு நடுவில் திடீரென்று வாக்கிடாக்கியில் “ஹோல்ட்” என்பார். நான் கையைக் கோர்ப்பேன். அண்ணன் அப்படியே நிற்பார். டீசல் எரிகிறதே என்று அவர் முகம் வாடும். மேடம் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகுதான் விடுதலை.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. முந்தின நாள் மழை விட்டு, காலையில் வெயில் அடித்தது. மேடம் பெஞ்சையெல்லாம் சுற்றிப் பார்த்து, ஈரம் அதிகமாக இருந்த பக்கத்தை மூடச் சொல்லிவிட்டு, காய்ந்த பக்கம் வேலை கொடுத்தார். செந்தில் டம்பரைக் கொண்டுவந்து நிறுத்தினான். அண்ணன் கல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் என் இடத்தில் நின்றிருந்தேன்.

பெஞ்ச் சுவருக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெடிப்பு இருந்திருக்கிறது. அதற்குள் தண்ணி இறங்கியிருக்கிறது. மேலே ஒரு பாறை, ஷேர் ஆட்டோ அளவு இருக்கும், எந்தச் சத்தமும் இல்லாமல் தலையை ஆட்டியது. எனக்கு அப்படித்தான் தெரிந்தது, யாரோ ‘ஆமாம்’ என்று தலையாட்டுகிற மாதிரி. அப்புறம் சரிந்து செந்தில் உட்கார்ந்திருந்த கேபின்மேல் வந்து சாய்ந்தது.

கேபின் கூரை பாதி மடங்கிவிட்டது. மீதிப் பாதியும் மடங்கியிருக்கும். ஆனால் கலியமூர்த்தி அண்ணன் பக்கெட்டைத் திருப்பிப் பாறைக்கு அடியில் கொடுத்துவிட்டார். எப்படிக் கொடுத்தார் என்று அவருக்கே தெரியாது. பாறையின் ஒரு பக்கம் பெஞ்சில், இன்னொரு பக்கம் அவர் பக்கெட்டில். நடுவில் செந்தில். ஸ்டியரிங்கும் டேஷ்போர்டும் அவன் தொடைமேல் இறங்கி அமுக்கியிருந்தன.

நாலு பக்கத்திலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தை. “ஸ்டாப்! ஸ்டாப்! ஸ்டாப்புண்ணே!” கையை நீட்டி ஆட்டிக்கொண்டே ஓடிவந்தார்கள். பாசத்தில்தான் கத்தினார்கள். அதையும் சொல்லவேண்டும்.

அண்ணனுடைய ஒரு கை லீவரை விட்டது. சாவி இருக்கிற பக்கம் போனது. நான் பார்த்தேன்.

அப்போதுதான் வாக்கிடாக்கியில் பட்டன் அமுங்குகிற சத்தம் கேட்டது. ஒரு மூச்சு. இந்த நேரத்திலுமா என்று நினைத்தேன். பிறகு அந்தக் குரல், குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி.

“கலியமூர்த்தி அண்ணே, ஹோல்ட். ஹோல்ட்.”

என் கை தானாகக் கோர்த்துக்கொண்டது. அண்ணன் கண் என் கைக்கு வந்தது. சாவிக்குப் போன கை அங்கேயே ஒரு கணம் நின்று, லீவருக்குத் திரும்பி வந்தது. அவர் உதடு அசைந்தது தெரிந்தது. வாக்கிடாக்கியில் அவர் குரல் வந்தது, “ஹோல்ட்.”

மேடம் நிறுத்தவில்லை. “டம்பர் எல்லாம் ஸ்டாப்.” ஒவ்வொரு டம்பராக இன்ஜின் அணைந்தது. “பிட்டர், ஜாக்கியோட அங்கயே வெயிட். நான் சொன்னதும் உள்ள வா.” மிஷின் ரிப்பேர் பார்க்கிற பிட்டர் ஜாக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். மூன்று வார்த்தை. தமிழில் மூன்றையும் நில்லு என்று சொல்லிவிடலாம். சிலர் அணைத்தார்கள், ஒருவர் காத்திருந்தார், ஒருவர் தாங்கிக்கொண்டிருந்தார். குழியில் ஒரு மிஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது. அத்தனை பெரிய குழி அந்தச் சின்னக் குரலுக்குக் கட்டுப்பட்டு நின்றதை நான் பார்த்தேன். கோயிலில்கூட எனக்கு அப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை.

மேடம் மேலே இன்னொரு பாறை வருமா என்று பெஞ்சை நிதானமாகப் பார்த்தார். பிறகு பிட்டரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் கேபினுக்கு ஓடினார்கள். கதவைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து, டேஷ்போர்டுக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கினார்கள்.

அண்ணன் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பழைய மிஷின், பக்கெட் இறங்க இறங்க லீவரைத் தொட்டும் தொடாமலும் மேலே கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒரு நூல் கூடினால் பாறை உருளும். ஒரு நூல் குறைந்தால் கூரை இறங்கும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் வேர்வை இறங்கியது, துடைக்க முடியாது. கையைப் பிரித்தால் அவர் விட்டுவிடுவாரே.

உள்ளே செந்தில் வலியில் முனகிக்கொண்டிருந்தான். நடுவில் தலையைத் திருப்பியிருப்பான் போல.

“டேய் வேலு... என்னடா, எனக்குக் கருமாதியா பண்ற? கையக் கோத்துக்கிட்டு நிக்கிற...”

“பேசாம இருடா நாயே” என்றேன். வாழ்க்கையில் அவனுக்குப் பதில் கிண்டல் சொல்லாமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

“செந்தில், என்னப் பாருங்க. என்ன மட்டும் பாருங்க” என்று மேடம் சொன்னது கேட்டது.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது, என் விரல்கள் எனக்குச் சொந்தமில்லை என்கிற மாதிரி மரத்துப்போயிருந்தன. கடைசியில் ஜாக்கி ஒரு மூச்சு மேலே ஏறியது. செந்திலை அக்குளில் கை கொடுத்து இழுத்தார்கள். அலறினான். அந்த அலறல் எனக்கு நாதஸ்வரமாகக் கேட்டது. தூக்கிக்கொண்டு தூரமாக ஓடிப்போய் ஸ்ட்ரெச்சரில் போட்டார்கள். மேடம் ஒவ்வொரு ஆளாகப் பார்த்து எல்லோரையும் பின்னால் தள்ளினார். கடைசியாக வாக்கிடாக்கியை எடுத்தார். பட்டன். மூச்சு.

“கலியமூர்த்தி அண்ணே, ஆள் வெளிய. இப்ப ஸ்டாப்.”

நானும் கையைப் பிரித்து, நீட்டி ஆட்டினேன். அண்ணன் அசையவில்லை. மேடம் மறுபடி சொன்னார். அண்ணன் குரல் கரகரத்து வந்தது.

“நீ சொல்றது கேக்குதும்மா. புள்ளைய மொதல்ல என் கண்ணுல காட்டு.”

வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்லாமல் அவர் பேசியது அன்று அது ஒன்றுதான். மேடம் ஸ்ட்ரெச்சர் பக்கம் கையைக் காட்டினார். நாலு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிப் பொக்லைன் பக்கம் திருப்பிக் காட்டினார்கள். செந்தில் சுண்ணாம்புப் பொடி அப்பிய முகத்தோடு ஒரு கையைத் தூக்கி ஆட்டினான்.

அண்ணன் அவனை நன்றாகப் பார்த்தார். “ஸ்டாப்” என்றார். சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் நின்றது. அவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் போனதும் காது அடைத்துப்போனது. பக்கெட் இறங்கியது. விழவில்லை, இறங்கியது, சொன்ன பேச்சைக் கேட்கிற மாதிரி மெதுவாக. பாறை அதோடு சேர்ந்து கேபினுக்குள் உட்கார்ந்தது. இரும்பு மடங்குகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. கூரை சீட்டைத் தொட்டது. சீட்டு தரையைத் தொட்டது. கண்ணாடி கடைசியாக உடைந்தது.

ஸ்டாப் என்று கத்திக்கொண்டு ஓடிவந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவராக ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். ஏன் கழற்றினோம் என்று யாருக்கும் தெரியாது. சுரங்கத்துக்குள் ஹெல்மெட்டைக் கழற்றினால் மேடம் தோலை உரித்துவிடுவார். அன்று அவர் பார்த்தும் விட்டுவிட்டார்.

செந்தில் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி தன்னுடைய சீட்டு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் கையைப் பிடித்தான். என் விரல்கள் இன்னும் வளைந்தபடியே இருந்தன. நேராக்க வரவில்லை. அவனும் நேராக்க முயற்சி செய்யவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டான், ஆம்புலன்ஸ் வந்து கதவைத் திறக்கிறவரைக்கும்.